பின்னக் கூட்டல் தப்பாக வருகிறதா? தப்பான விடையை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம்

பகுதி, அதாவது கோட்டுக்குக் கீழே உள்ள எண், வேறு வேறாக இருக்கும் பின்னங்களைக் கூட்டும்போது பிள்ளை தடுமாறினால் நாம் எல்லாரும் செய்வது ஒன்றுதான். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுப்பதிலிருந்து பாடத்தை முழுசாக மறுபடி நடத்துவோம், பிள்ளையும் தலையாட்டும், நாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்வரை நாலு கணக்கு சரியாகப் போடும், அடுத்த வாரம் பார்த்தால் அதே தப்பு திரும்ப வந்து நிற்கும். மாலை நேரத்தில் வீட்டில் ஐந்தாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். பார்க்கப் பார்க்கப் புரிந்தது இதுதான்: "பின்னக் கூட்டல் வராது" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஆறேழு வெவ்வேறு தப்புகள். காரணம் வேறு, மருந்தும் வேறு. காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் குணமாகவில்லை என்று பிள்ளையைத் திட்டுவதில் நியாயமே இல்லை.

எந்தத் தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விடையைப் பார்த்துத்தான். தப்பான விடை பெரும்பாலும் தற்செயலாக வருவதில்லை, பிள்ளை தன் மனதில் ஒரு விதியை வைத்துக்கொண்டு அதை ஒழுங்காகப் பின்பற்றித்தான் அந்த விடைக்கு வருகிறது.

முதலில் இந்த ஆறு கணக்கைக் கொடுங்கள்

1/2 + 1/3
2/3 + 1/4
3/4 + 2/9
5/6 + 3/8
2 1/2 + 1 2/3
1/4 + 1/6 + 1/9

உதவி செய்ய வேண்டாம், முகத்தைக்கூட மாற்ற வேண்டாம். ரப்பரை வாங்கி வைத்துவிடுங்கள். தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும், அழித்துவிட்டால் நமக்கு வேண்டிய தடயமும் சேர்ந்து அழிந்துபோகும். சரியான விடைகள் வரிசையாக 5/6, 11/12, 35/36, 29/24 (அதாவது 1 5/24), 4 1/6, 19/36. இனி பிள்ளை எழுதியதை எடுத்துக் கீழே உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விடை 2/5, 3/7, 5/13 என்று வருகிறது

மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டியிருக்கிறது. எல்லாவற்றிலும் அதிகம் வருவது இதுதான், எல்லாவற்றிலும் ஆழமானதும் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

இதைச் செய்யும் பிள்ளைக்குப் பின்னம் என்பது ஒரே எண் என்று இன்னும் படவில்லை. கோட்டுக்கு மேலே ஒரு எண், கீழே ஒரு எண், அவ்வளவுதான். நாம் வாசிக்கும் விதமும் அதற்குத் துணை போகிறது. "டூ பை த்ரீ" என்று வாசித்தால் காதில் விழுவது இரண்டு எண்கள் மட்டுமே. தமிழில் "மூன்றில் இரண்டு" என்கிறோம். முதலில் மூன்றாகப் பிரி, அதில் இரண்டை எடு என்று செய்ய வேண்டியதை அதே வரிசையில் சொல்லும் வாசிப்பு அது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையாக இருந்தாலும் வீட்டில் ஒரு வாரம் "மூன்றில் இரண்டு, நான்கில் ஒன்று" என்று வாசிக்க வையுங்கள். தொகுதி, பகுதி எது எது என்று குழம்பும் பிள்ளைக்கும் அந்தச் சொற்களே கை கொடுக்கும். பகுப்பது பகுதி, அதாவது எத்தனையாகப் பிரித்தோம் என்பது. தொகுப்பது தொகுதி, பிரித்ததில் எத்தனையைச் சேர்த்து எடுத்தோம் என்பது.

அப்புறம் மணிக்கணக்குக்கு வாருங்கள். அரை மணி நேரம் படித்தாய், பிறகு மணியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 நிமிடம் படித்தாய், மொத்தம் எவ்வளவு? பிள்ளை 50 நிமிடம் என்று உடனே சொல்லும். இப்போது அது எழுதிய 2/5 மணி நேரத்தை நிமிடமாக மாற்றச் சொல்லுங்கள், 60ஐ ஐந்தாகப் பிரித்தால் 12, இரண்டு பங்கு 24 நிமிடம். முதலில் படித்ததே 30 நிமிடம், அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படி 24 ஆகக் குறைந்தது? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். பதிலைப் பிள்ளை சொல்லட்டும். இந்தத் தப்பில் விடை எப்போதும் இரண்டு பின்னங்களுக்கு நடுவில்தான் விழும், பெரிய பின்னத்தைத் தாண்டவே தாண்டாது. அதனால் "கூட்டின பிறகு இருந்ததைவிடக் குறைந்திருக்கிறதா" என்ற ஒரே கேள்வி இந்தத் தப்பை எந்தக் கணக்கிலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு பெண் ஒருமுறை என்னிடம் வாதாடினாள். "அக்கா, என் மார்க்கு ஷீட்டில் 15/20, 18/30 போட்டு மொத்தம் 33/50ன்னு மிஸ்ஸே எழுதியிருக்காங்க, அது மட்டும் சரியா?" என்றாள். அருமையான கேள்வி. மதிப்பெண்ணில் மிஸ் செய்தது சரிதான். அங்கே 20 மதிப்பெண் தாளும் 30 மதிப்பெண் தாளும் சேர்ந்து 50 மதிப்பெண் என்ற பெரிய முழுமை உண்டாகிறது, முழுமையே வளர்கிறது. பின்னக் கூட்டலில் முழுமை மாறுவதில்லை, அதே ஒரு மணி நேரம், அதே ஒரு லிட்டர். ஒரே மாதிரி எழுதினாலும் இரண்டும் வேறு கணக்குகள். இதை யாரும் எடுத்துச் சொல்லாததால் எத்தனையோ பிள்ளைகள் மார்க்கு ஷீட்டில் பார்த்த விதியைப் பின்னத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அதைச் செய்யும் பிள்ளையை மக்கு என்று நினைக்காதீர்கள், கண்ணால் கண்டதிலிருந்து ஒரு விதியை உருவாக்கிக்கொள்ளும் பிள்ளை அது.

நம் ஊரில் மட்டும் நடக்கும் விஷயமும் இல்லை. அமெரிக்காவில் 1978இல் நாடு தழுவிய கல்வி மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 ஏறத்தாழ எவ்வளவு என்று கேட்டு 1, 2, 19, 21 என்று விடைகளையும் கொடுத்தார்கள். 12/13 கிட்டத்தட்ட ஒன்று, 7/8 கிட்டத்தட்ட ஒன்று, ஆக 2. அப்படிச் சொன்னவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள், தொகுதிகளைக் கூட்டினால் 19, பகுதிகளைக் கூட்டினால் 21. பின்னத்துக்கு ஒரு அளவு இருக்கிறது, அதைக் கண்ணால் மதிப்பிடலாம் என்பதே அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றவில்லை. அதனால் இந்தத் தப்பு இருக்கும்வரை மீ.சி.ம. பக்கமே போகாதீர்கள். ஒரு வாரம் வெறும் மதிப்பீடு மட்டும்: 3/7 அரைக்கு மேலா கீழா, 5/8 அரையைவிட எவ்வளவு கூட, 4/5 + 5/6 ஒன்றைத் தாண்டுமா. வாயாலேயே போதும், நோட்டு வேண்டாம்.

2/3 + 1/4 = 3/12 என்று வருகிறது

பகுதியில் 12 சரியாக வந்துவிட்டது, மேலே மட்டும் பழைய 2ம் 1ம் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. "பகுதியைச் சமமாக்க வேண்டும்" என்ற வரியை மட்டும் பிள்ளை பிடித்துக்கொண்டிருக்கிறது, எதற்காக என்பது விட்டுப்போயிற்று. 3/12ஐச் சுருக்கச் சொல்லுங்கள், 1/4 வரும். அப்படியானால் 2/3 + 1/4 = 1/4. 2/3 எங்கே போயிற்று? இதைப் பார்த்ததும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே முகம் மாறும்.

இதற்கு மருந்து கட்டம் போட்ட நோட்டு. வட்டமாகத் தோசை, கேக் என்று வரையாதீர்கள், வட்டத்தைக் கையால் மூன்றாகச் சரியாகப் பிரிக்க நமக்கே வராது, பிள்ளை படம் வரைவதிலேயே சோர்ந்துவிடும். கட்ட நோட்டில் 3க்கு 4 என்று ஒரு செவ்வகம் போடுங்கள், மொத்தம் 12 கட்டம். மூன்று வரிசை இருக்கிறது, ஒரு வரிசை என்பது மூன்றில் ஒன்று, அதில் 4 கட்டம். ஆக மூன்றில் இரண்டு 8 கட்டம். நிரல் நான்கு இருக்கிறது, ஒரு நிரல் என்பது நான்கில் ஒன்று, அதில் 3 கட்டம். எட்டும் மூன்றும் பதினொன்று, 12 கட்டத்தில் 11. துண்டு சின்னதாகும்போது எண்ணிக்கை கூடத்தான் வேண்டும் என்பது கண்ணுக்கு முன்னால் நிற்கும். படம் போட்ட பிறகு எழுத்தில் ஒரு பழக்கம் போதும், பகுதியை எதால் பெருக்கினாயோ அதைத் தொகுதிக்குப் பக்கத்திலும் வேறு நிறப் பேனாவால் எழுதிவிட்டு அப்புறம் பெருக்கு. கீழே ×4 என்றால் மேலேயும் ×4. அந்த வரியைத் தாண்டிக் குதிக்கும் பிள்ளைக்குத்தான் இந்தத் தப்பு வரும், அதனால் ஒரு மாதமாவது அந்த வரியைக் கட்டாயமாக்குங்கள்.

இதே இடத்தில் இன்னொரு வகை உண்டு, கொஞ்சம் அபூர்வம். விடை 20/12 என்று வந்திருக்கும். கேட்டால் "3ஐ 12 ஆக்க 9 கூட்டினேன், அதனால் மேலேயும் 9 கூட்டி 11/12, அடுத்ததில் கீழே 8 கூட்டினேன், மேலேயும் 8 கூட்டி 9/12" என்று தெளிவாக விளக்கும். மேலும் கீழும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்று நாம் சொன்னதை அப்படியே செய்திருக்கிறது, பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டது. 1/2இல் மேலும் கீழும் 1 கூட்டினால் 2/3. அரை லிட்டர் பாலும் மூன்றில் இரண்டு லிட்டர் பாலும் ஒன்றா என்று கேளுங்கள், போதும்.

எதற்காகச் சமமாக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு

இது தப்பு இல்லை, இருந்தாலும் இந்தக் கேள்வி வந்தால் விட்டுவிடாதீர்கள், இதற்குப் பதில் நம் பழைய கணக்கிலேயே அழகாக இருக்கிறது. மா என்றால் 1/20. காணி என்றால் 1/80. இரண்டையும் சேர்த்தால்? மாவைக் காணியாக மாற்றினால் ஒரு மாவுக்கு 4 காணி, அதோடு 1 காணி, ஆக 5 காணி, 5/80, சுருக்கினால் 1/16. அந்த 1/16க்குப் பெயரே மாகாணி. வேறு பகுதி கொண்ட இரண்டு பின்னங்களின் கூட்டல் ஒரு சொல்லாகவே நம்மிடம் புழங்கியிருக்கிறது. அதேபோல் கால் என்பது 5 மா, 1/5க்குப் பெயர் நாலுமா. காலும் நாலுமாவும் எவ்வளவு என்று கேட்டால் அந்தக் காலத்தில் யோசிக்க ஒன்றுமே இல்லை, ஐந்து மாவும் நாலு மாவும் ஒன்பது மா, 9/20.

இன்னும் கீழே போனால் முந்திரி, 1/320. காணிக்கு 4 முந்திரி, மாவுக்கு 16, காலுக்கு 80, அரைக்கு 160. எல்லாவற்றையும் முந்திரியில் சொல்லிவிடலாம், அதனால் எதோடும் எதையும் கூட்டிவிடலாம். 320 செய்த வேலை நாம் மீ.சி.ம. என்று சொல்லும் அதே வேலைதான். ஆனால் மூன்றில் ஒன்று அந்த வரிசைக்குள் அடங்காது, 320ஐ 3 வகுக்காது. பாடத்தில் 1/3 வந்ததும் 12க்கும் 6க்கும் நாம் போவது அதனால்தான். பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியது ஒரே வரியில்: மீட்டரையும் சென்டிமீட்டரையும் அப்படியே கூட்டுவாயா? ஒன்றை இன்னொன்றாக மாற்றிவிட்டுத்தானே கூட்டுவாய்? பகுதி என்பது துண்டின் அளவுக்கு ஒரு பெயர். பெயர் ஒன்றானால்தான் எண்ணிக்கையைக் கூட்ட முடியும்.

விடை 5/5 என்று வருகிறது, அல்லது மூன்று பின்னம் வந்தால் மட்டும் நின்றுவிடுகிறது

வண்ணத்துப்பூச்சி முறையைப் பிள்ளை எங்கேயோ கற்றுக்கொண்டிருக்கிறது. குறுக்காகப் பெருக்கி மேலே கூட்டு, கீழே இரண்டையும் பெருக்கு என்பது அந்த முறை. 1/2 + 1/3 என்றால் மேலே 3 + 2, கீழே 2 × 3, விடை 5/6. கடைசிப் படி நினைவில் இல்லாவிட்டால் கீழேயும் கூட்டிவிடும், 5/5. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்து முழுதாகிவிடுமா என்று கேட்டால் பிள்ளைக்குப் பதில் தெரியாது, ஏனென்றால் அந்த முறைக்குள் அரை என்றோ மூன்றில் ஒன்று என்றோ எதுவுமே இல்லை, சிறகும் உணர்கொம்பும்தான் இருக்கின்றன.

அந்த முறை தப்பு என்று சொல்லவில்லை, பகுதிகளைப் பெருக்கிப் பொதுப் பகுதி எடுப்பதை ஒரு படமாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முதல் முறையாக அதையே சொல்லிக்கொடுப்பதைத்தான் நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். 1/4 + 1/6 + 1/9 வந்ததும் மூன்று சிறகு எப்படிப் போடுவது என்று தெரியாமல் பிள்ளை நிற்கிறது. பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகளைக் கூட்டும்போது மறுபடி அதே இடத்தில் நிற்கும், அங்கேயும் தேவைப்படுவது பொதுப் பகுதி என்ற யோசனைதான். உடனடி உதவி வேண்டுமானால் முதல் இரண்டைக் கூட்டிவிட்டு வந்ததோடு மூன்றாவதைக் கூட்டச் சொல்லுங்கள்: 1/4 + 1/6 = 5/12, அதோடு 1/9 சேர்த்தால் 15/36 + 4/36 = 19/36. நிரந்தர மருந்து மேலே சொன்ன கட்ட நோட்டுதான்.

3/4 + 2/9 = 5/6 என்று வருகிறது

இந்தக் கணக்கை நான் பட்டியலில் வைத்ததே இதற்காகத்தான். பிள்ளை 3ஐயும் 9ஐயும் அடித்திருக்கும், 2ஐயும் 4ஐயும் அடித்திருக்கும், மிச்சம் 1/2 + 1/3, அதைச் சரியாகக் கூட்டி 5/6. மீ.சி.ம. சரி, கூட்டல் சரி, சுருக்கல்கூட ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் விடை 35/36 ஆக இருந்திருக்க வேண்டும். 5/6 என்பது 30/36, பார்வைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதனால் மதிப்பீட்டில் மாட்டாது. அதுதான் இந்தத் தப்பின் ஆபத்து.

ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டும், இந்தத் தப்பு பெரும்பாலும் முன்பு சரியாகச் செய்துகொண்டிருந்த பிள்ளைக்குத்தான் வருகிறது. பின்னப் பெருக்கல் படித்த பிறகு குறுக்காக அடிக்கும் பழக்கம் கைக்கு வந்துவிடும், அது கூட்டலுக்கும் தாவிவிடும். "போன வருஷம் நல்லாத்தானே போட்டான், இப்போ என்ன ஆச்சு" என்று பெற்றோர் கவலைப்படுவார்கள். பிள்ளை பின்னால் போகவில்லை, புதிதாகக் கற்றது பழைய இடத்துக்குள் நுழைந்துவிட்டது.

பெருக்கலில் எல்லாத் தொகுதியும் ஒன்றாகப் பெருக்கப்பட்டு ஒரே பின்னத்தின் மேலே போய் நிற்கும், எல்லாப் பகுதியும் கீழே. அதனால் அந்த 3ஐயும் 9ஐயும் சுருக்குவது ஒரே பின்னத்துக்குள் சுருக்குவதுதான். கூட்டலில் அவை தனித்தனி வீடுகள். 3/4இல் இருக்கும் 3ஐ 1 ஆக்கினால் முக்கால் கால் ஆகிவிடும், பக்கத்து வீட்டில் யார் இருந்தாலும் சரி. மருந்தாக ஒரு வாரம் கூட்டலையும் பெருக்கலையும் கலந்து கொடுங்கள், 3/4 + 2/9 போட்டதும் அடுத்ததே 3/4 × 2/9 (இது 1/6). இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யும்போதுதான் குறியைப் பார்க்கும் பழக்கம் வருகிறது. ஒரே மாதிரிக் கணக்கை இருபது கொடுத்தால் வராது. கூட்டல் கணக்கில் + குறியின் மேல் ஒரு செங்குத்துக் கோடு போட்டுச் சுவர் என்று சொல்லிவைப்பதும் சின்னப் பிள்ளைகளுக்கு உதவுகிறது.

பொதுப் பகுதி தப்பாக வருகிறது: 5/6 + 3/8க்குக் கீழே 2 இருக்கிறது, அல்லது 48 இருக்கிறது

2 என்றால் மீ.பெ.கா., அதாவது மீப்பெரு பொதுக் காரணி எடுத்துவிட்டது. இந்தக் குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மீச்சிறு பொது மடங்கு என்பதில் "சிறு" காதில் விழுந்ததும் பிள்ளை 6, 8 இரண்டையும்விடச் சின்ன எண்ணைத் தேடப் போய்விடுகிறது. பிடித்துக்கொள்ள வேண்டிய சொல் கடைசியில் இருக்கும் "மடங்கு". மடங்கு என்றால் வளர்வது, குறைந்தபட்சம் அந்த எண்ணாகவாவது இருக்கும். இலங்கைப் பாடப் புத்தகங்களில் இதைப் பொது மடங்குகளுட் சிறியது என்கிறார்கள், மடங்கு முன்னால் வந்துவிடுவதால் குழப்பம் குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே படித்துவிட்டு இங்கே வந்த பிள்ளை பொ.ம.சி. என்று எழுதினால் அடித்துவிடாதீர்கள், அதே விஷயம்தான்.

48 என்றால் தப்பே இல்லை. 40/48 + 18/48 = 58/48, சுருக்கினால் 29/24. பொதுப் பகுதி மிகச் சிறியதாக இருந்தே ஆக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை, எந்தப் பொது மடங்கும் வேலை செய்யும். இதைத் தப்பு என்று சிவப்பில் அடிக்கும்போது சரியாகப் புரிந்துகொண்ட பிள்ளையைக் குழப்புகிறோம். எண் பெரிதாகும், பெருக்கலில் சறுக்க வாய்ப்பு கூடும் என்பது மட்டுமே குறை. 7/24 + 5/36க்கு 864 எடுத்து 252ம் 120ம் கூட்டி 372/864 வரை போய்ச் சுருக்கிக்கொண்டு வரும் பிள்ளைக்கு 72 எடுத்தால் 21ம் 10ம் 31, வேலை முடிந்தது என்று பக்கத்திலேயே செய்து காட்டுங்கள். அடுத்த முறை தானாகச் சின்ன எண்ணைத் தேடும்.

இரண்டே பின்னம் என்றால் ஏணி வகுத்தல்கூட (பகுதிகளை வரிசையாக எழுதி எல்லாவற்றையும் ஒன்றாக வகுத்துக்கொண்டே போவது) வேண்டாம். பெரிய பகுதியின் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே போய், சின்னது எங்கே மீதியில்லாமல் வகுக்கிறதோ அங்கே நில். 8, 16, 24. எட்டை 6 வகுக்காது, பதினாறை வகுக்காது, இருபத்து நாலை வகுக்கும். முடிந்தது. மூன்று எண் வரும்போது ஏணி வசதிதான், அங்கே வரும் தப்பு வேறு. 4, 6, 9ஐ 2ஆல் வகுக்கும்போது 9 வகுபடாது, அதை அப்படியே கீழே இறக்கி எழுத வேண்டும், பிள்ளை அதை விட்டுவிட்டு 2, 3 என்று மட்டும் எழுதும். கடைசியில் 12 வரும், சரியானது 36. வந்த எண்ணை ஒவ்வொரு பகுதியும் வகுக்கிறதா என்று ஒருமுறை சரிபார்க்கப் பழக்கினால் போதும். 12ஐ 9 வகுக்காது, உடனே தெரிந்துவிடும்.

கலப்பு பின்னத்தில் மட்டும் தப்புகிறது

2 1/2 + 1 2/3க்கு விடை 3 7/6 என்று நின்றிருந்தால் கூட்டல் எல்லாம் சரி, 7/6க்குள் ஒரு முழுசு இருக்கிறது என்பதைப் பிள்ளை கவனிக்கவில்லை. 3 1/6 என்று இருந்தால் முழுசு இருக்கிறது என்று தெரிந்து வெளியே எடுத்தது, எடுத்ததை எங்கேயும் சேர்க்காமல் விட்டுவிட்டது. சாதாரணக் கூட்டலில் மிச்சம் ஏற்றுவது மாதிரி இங்கேயும் ஏற்ற வேண்டும் என்று சொன்னால் பிடித்துக்கொள்ளும். 7/6 = 1 1/6, அந்த 1 மூன்றோடு சேர்ந்து 4 1/6.

பள்ளியில் முதலில் தகா பின்னமாக மாற்றச் சொல்வார்கள். 5/2 + 5/3 = 15/6 + 10/6 = 25/6 = 4 1/6, நன்றாகவே வரும். ஆனால் 12 3/4 + 9 5/6 மாதிரி வந்தால் அந்த வழி 51/4, 59/6, அப்புறம் 153/12, 118/12, 271/12 என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும். முழுசைத் தனியாக, பின்னத்தைத் தனியாகக் கூட்டினால் 21, பிறகு 9/12 + 10/12 = 19/12 = 1 7/12, ஆக 22 7/12. கூட்டலுக்கு நான் எப்போதும் இந்த இரண்டாவது வழியைத்தான் சொல்லித்தருகிறேன். தமிழில் இது பேச்சிலேயே இருக்கிறது, பன்னிரண்டே முக்கால் என்று சொல்லும்போதே பன்னிரண்டு தனி, முக்கால் தனி என்று காதில் விழுந்துவிடுகிறது.

3 + 2/5 = 5/5 என்று போடும் பிள்ளையும் இந்த வகைதான். 3க்குக் கீழே எதுவும் இல்லாததால் அதை நேராகத் தொகுதியோடு கூட்டிவிடுகிறது. மூன்றும் அரையும் எவ்வளவு என்று வாயால் கேளுங்கள். மூன்றரை என்று உடனே வரும். மூன்றும் ஐந்தில் இரண்டும் அதே மாதிரி 3 2/5, அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை.

முறை எல்லாம் சரி, இருந்தும் மதிப்பெண் போகிறது

விடை 14/30 என்று நின்றிருந்தால் சுருக்க மறந்தது, 7/15 என்று முடித்திருக்க வேண்டும். மதிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான், பிள்ளைக்குக் கணக்குத் தெரியும், இதற்காக முறையைத் திரும்ப நடத்த வேண்டாம்.

1/2 + 1/3 சரி, 5/7 + 3/8 மட்டும் தப்பு என்றால் வாய்ப்பாடு. 7 × 8ஐ 54 என்று எழுதியிருக்கும். சரியானது 40/56 + 21/56 = 61/56, அதாவது 1 5/56. இந்தப் பிள்ளைக்குப் பின்னத்தை நாலு தரம் விளக்கினாலும் பயன் இல்லை, ஏழு எட்டு வாய்ப்பாடு ஒரு வாரம் சொன்னால் சரியாகிவிடும். தப்பு எங்கே என்று தெரியாமல் இருவரும் மாதக்கணக்கில் கஷ்டப்படுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் முதலில் அந்த ஆறு கணக்கைக் கொடுங்கள் என்று இவ்வளவு சொல்கிறேன்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க

அன்றைக்கே சோதிக்காதீர்கள், அன்று எல்லாமே சரியாகத்தான் வரும். மூன்று நாள் கழித்து, வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது 3/8 + 1/6 கொடுங்கள். போடத் தொடங்கும் முன் விடை அரைக்கு மேலா கீழா என்று கேட்டுக்கொள்ளுங்கள், 3/8 அரைக்கு 1/8தான் குறைவு, 1/6 அதைவிடப் பெரியது, ஆகவே அரைக்குக் கொஞ்சம் மேல். விடை 13/24. அப்புறம் நீங்களே ஒரு தப்பான விடையை எழுதிக் காட்டுங்கள், 3/8 + 1/6 = 4/24 என்று, "இதைப் போட்ட பிள்ளை என்ன நினைச்சிருக்கும்?" என்று கேளுங்கள். "கீழே மாத்திட்டு மேலே மாத்தலை" என்று பதில் வந்தால் அந்தத் தப்புக்காக நீங்கள் இனி உட்கார வேண்டியதில்லை, அடுத்த தலைப்புக்குப் போகலாம்.